முடக்கில் மட்டும் வரும் சத்தம்

"கேட்டியா? இப்பக் கேட்டியா?"

இக்னேசியஸ் மாஸ்டர் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பியபடியே கேட்டார். பக்கத்தில் இருந்த சிசிலி, மடியிலிருந்த மரக்கறிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தக் கேக்கச் சொல்றீங்க?"

"பின்னால கடகடன்னு ஒரு சத்தம். நேர் ரோட்டுல இல்ல. முடக்குல திரும்புறப்ப மட்டும் வருது."

"பழைய காருன்னா சத்தம் வரத்தான் செய்யும். எனக்கே முழங்கால்ல சத்தம் வருது. முன்னால பாத்து ஓட்டுங்க."

இக்னேசியஸ், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் தலைமை ஆசிரியர். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்கு மூட்டை கட்டிய காலத்தில், ஒரு துரை விட்டுப்போன குட்டிக் கார் அவர் கைக்கு வந்திருந்தது. அதில் கைப் பிரேக் பேருக்குத்தான். ஏற்றத்தில் எங்கே நிறுத்தினாலும் மாஸ்டர் கால் பிரேக்கை மிதித்தபடி இருக்க, சிசிலி இறங்கிச் சில்லு உருளாமல் அடியில் கல் வைப்பாள். மலைநாட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. எந்த மழையிலும் சிசிலிக்கு நொடியில் கல் கிடைத்துவிடும். அந்த விஷயத்தில் பெண்டாட்டி கெட்டிக்காரி என்று மாஸ்டருக்குப் பெருமை.

ஆனால் அந்தச் சத்தம்? எதையும் 'ஏன்' என்று கேட்காவிட்டால் மாஸ்டருக்குச் சோறு இறங்காது. துரை காருக்குள்ளேயே விட்டுப்போயிருந்த மோட்டார் புத்தகத்தை எடுத்துப் படம் படமாகப் புரட்டினார். ஓரிடத்தில் துள்ளி எழுந்தார்.

"சிசிலி, இங்க வா! ரெண்டு பேரு கைகோத்துக்கிட்டு முடக்குல திரும்புறாங்கன்னு வையி. உள்பக்கத்து ஆளு மெதுவா நடக்கலாம். வெளிப்பக்கத்து ஆளு எட்டி நடக்கணும். இல்லாட்டி கை பிச்சுக்கும். காரோட பின் சில்லு ரெண்டும் அப்படித்தான். ரெண்டுக்கும் சண்டை வராமப் பாத்துக்க நடுவுல ஒரு பெட்டி இருக்கு. டிபரன்ஷல்! அதுக்குள்ள இருக்கிற குட்டிப் பல்சக்கரங்க முடக்குலதான் வேலை செய்யும்!"

"சரி."

"சத்தமும் முடக்குலதானே வருது!"

"அப்ப ஹட்டன் கராஜுல கொண்டுபோய்க் குடுங்க."

"எதுக்கு? நானே பாக்குறேன்."

சிசிலி கரண்டியைக் கீழே வைத்தாள். "டோரீன் கல்யாணத்துக்கு இந்தக் காரத்தான் நம்பியிருக்கோம். என் தங்கச்சி வெள்ளச் சேலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சேத்துல நடந்து மாதா கோயிலுக்குப் போனான்னா, நான் அன்னைக்கே றொசல்லைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். ஆமா."

சொன்னால் செய்கிறவள் அவள். மாஸ்டருக்கு அது தெரியும். ஆனால் கை பரபரத்தது.

முதலில் அந்தப் பெட்டிக்கு ஒயில் ஊற்றினார். கொஞ்சம் ஊற்றினால் நல்லது என்றால் நிறைய ஊற்றினால் இன்னும் நல்லதுதானே? நிரம்பி வழிந்த ஒயில் பின் பிரேக்குகளுக்குள் புகுந்தது. இருந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பும் போய்விட்டது.

"சின்னக் கல்லு தாங்கமாட்டேங்குது. பெரிசா ஒண்ணு பாக்கணும்" என்றாள் சிசிலி.

அடுத்த தடவை கடைக்குப் போனபோது சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது.

"பல்லு ஒடையுது!" என்று தீர்ப்புச் சொன்ன மாஸ்டர், ஹட்டனில் பழைய கார்ச் சாமான் விற்கும் ராசிக்கிடம் பஸ்ஸில் ஓடினார். ராசிக் ஒரு ஜோடி பல்சக்கரங்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்.

"மாஸ்டர், கழட்டுறது லேசு. இந்தப் பெரிய சக்கரம் எந்தப் பக்கம் இருந்திச்சோ அதே பக்கம்தான் பூட்டணும். மாறிச்செண்டா காரு பின்னுக்குத்தான் ஓடும்."

"ராசிக் நானா, ஊருப் புள்ளைகளுக்கு இடது வலது சொல்லிக் குடுக்கிறவன் நான்!"

விடுமுறைக் காலம். பாடசாலைக் கொட்டகையில் பின் அச்சைக் கழற்றிப் பெஞ்சின் மேல் ஏற்றி, பெட்டியைத் திறந்தார். ஒரு பக்கத்தைச் சுற்றினால் மறுபக்கம் எதிர்த் திசையில் சுற்றியது. மறுபடி சுற்றினார். மறுபடியும் அப்படியே. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தவன் எப்பேர்ப்பட்ட மூளைக்காரனாக இருப்பான்! மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தனியாகச் சிரித்தார். பழைய பற்கள் ஒரு குறையுமில்லாமல் பளபளத்தன. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

வாத்தியார் அல்லவா? மறக்காமல் பெட்டியின் இரண்டு பக்கமும் வெண்கட்டியால் 'இடது', 'வலது' என்று அழகாக எழுதிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் அரைச்சுவரைத் தாண்டி வந்த மூடுபனி எழுத்தையெல்லாம் ஈரமாக்கி அழித்துவிட்டிருந்தது. பக்கத்துக் குவாட்டர்ஸில் இருக்கும், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி வேறு பெஞ்சருகே நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல கனம் மாஸ்டர். சும்மா ஒருக்காப் பொரட்டிப் பாத்தேன்."

"எந்தப் பக்கமாப் பொரட்டினீங்க?"

"இந்தப் பக்கம்... இல்ல, அந்தப் பக்கமோ?"

மாஸ்டர் தரையில் மல்லாந்து படுத்து யோசித்தார். குப்புறப் படுத்து யோசித்தார். எழுந்து நின்று இடது கையை ஆட்டிப் பார்த்தார். கடைசியில், தப்பே வர முடியாத ஒரு கணக்குப் போட்டு, ராசிக் கொடுத்த சக்கரங்களைப் பூட்டி முடித்தார்.

கல்யாணத்துக்கு முதல்நாள். றொசல்லையிலிருந்து வந்திறங்கிய டோரீன் வாசலில் நின்று பார்க்க, மாஸ்டர் காரைக் கிளப்பி முதல் கியரைப் போட்டார். கார் சரேலென்று பின்னால் பாய்ந்து கண்டாக்கின் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் இறங்கியது.

"மாஸ்டர்! கோவா! என் கோவா!" என்று அலறினார் கணேசமூர்த்தி.

இரண்டாம் கியரைப் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மிச்சமிருந்த கோவாப் பாத்தியும் போயிற்று. ரிவர்ஸ் போட்டபோதுதான் அது முன்னால் ஊர்ந்தது.

"அப்ப ரிவர்ஸ்லயே முன்னால போவோம்" என்றாள் சிசிலி, அழுகையை அடக்கிக்கொண்டு.

"போகலாம். ஆமை வேகந்தான். சாமியார் பூசைய முடிச்சுச் சாப்பிடப் போயிருவாரு."

"திருப்பிக் கழட்டினா?"

"காலையிலக்குள்ள முடியாது."

சிசிலி கணேசமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். "ஐயா, றொசல்லைப் பக்கம் போற பஸ் எத்தனை மணிக்கு?"

 மறுநாள் காலை, வேறு வழியில்லாமல், மாஸ்டர் காரின் பின்பக்கத்தைக் கோயில் மலைக்கு நேராகத் திருப்பி நிறுத்தினார். சிசிலி முன்னால் ஏற, டோரீன் பின் சீட்டில் உட்கார்ந்தாள். மாஸ்டர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டாம் கியரைப் போட்டார்.

"முக்காட்டக் கொஞ்சம் ஒதுக்கிக்கம்மா, ரோடு தெரியல."

கார் பின்பக்கமாக மலையேறியது. கொழுந்துக் கூடையோடு ஓரம் ஒதுங்கிய மீனம்மா வாயில் கைவைத்தாள். "அடியாத்தே! கூடப்பொறந்தவ வீட்டத் திரும்பிப் பாத்துக்கிட்டே பொண்ணு போகணும்னு மாஸ்டரு எம்புட்டு அழகா யோசிச்சிருக்காரு பாருங்கடி!"

பெண்கள் குலவையிட்டார்கள். சிசிலியின் முகம் மலர்ந்தது. அவள் கணவனைப் பார்த்த பார்வையில் றொசல்லை பஸ் இல்லை. ஆனால் மாஸ்டர் மட்டும் இடிந்துபோயிருந்தார். ஒவ்வொரு முடக்கிலும் அதே சத்தம் கேட்டது. கடகட... டங்!

கோயில் வாசல் ஏற்றத்தில் காரை நிறுத்தியபோது மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சிசிலி, பல்லு எல்லாம் மாத்தியாச்சு. அப்பறமும் ஏன் சத்தம் வருது?"

"அத அப்பறம் யோசிங்க, பிரேக்க மிதிங்க, காரு எறங்குது! டோரீன், சீட்டுக்கு அடியில கைய விட்டு அந்தக் கல்ல எடுத்துக் குடுடி, சில்லுக்கு வைக்கணும்."

வெள்ளை முக்காட்டோடு குனிந்த டோரீன், இரண்டு கையாலும் ஒரு பழைய அம்மிக் குழவியைத் தூக்கி நீட்டினாள்.

"இந்தாக்கா! திரும்பிப் போறப்பச் சாக்குல சுத்தி வை. முடக்குக்கு முடக்கு இது கடகடன்னு உருண்டு வந்து என் கால நசுக்கிருச்சு."