ஒன்பதாவது அவரைக்கொட்டை

கணக்கு எனக்கு ஆகாது. எங்கள் மாடிப்படிகளை எண்ணினால் ஏறும்போது ஒரு விடையும் இறங்கும்போது வேறொரு விடையும் வரும். அப்படிப்பட்ட நான்தான், மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தை மாதத்தில், என் மகள் எந்தக் கணக்கைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்யக் கிளம்பினேன்.

யமுனாவுக்கு அப்போது ஒன்பதாவது. அவள் படிப்பது சி.பி.எஸ்.இ.; அதில் பத்தாவதில் கணக்கு இரண்டு வகை. பேசிக் எடுத்தால் பரீட்சை சுலபம், ஆனால் அடுத்து பி.யு.சி.யில், அதாவது பதினொன்று, பன்னிரண்டில், கணக்குப் பிரிவு கிடைப்பது கஷ்டம். ஸ்டாண்டர்டு கடினம், ஆனால் கதவு திறந்தே இருக்கும். படிவத்தில் ஸ்டாண்டர்டுக்கு நேரே பென்சிலால் மெல்லிசாக ஒரு டிக் போட்டு, காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கொடுத்தாள்.

"கையெழுத்து மட்டும் போடும்மா. நாளைக்கு கடைசி நாள்."

(நான் கையெழுத்து மட்டும் போடுகிற ஆளா?)

பெங்களூரு வேலை முடிந்து திரும்பும் சாயந்திர ரயிலில் பெண்கள் நாங்கள் எட்டுப் பேர். அவரைக்காய் சீசனில் எங்கள் பெட்டியே சமையலறை. வீடு சேர்வதற்குள் குழம்புக்குக் கொட்டை உரித்தாக வேண்டும்.

"இன்னாடி யோசனை? காய உரி," என்றார் ரோசி அக்கா. சொன்னேன்.

"பேசிக் போடு. பொண்ணு நிம்மதியா தூங்கும்."

"அப்ப கணக்க யாருக்கா படிக்கிறது? ஆம்பளைங்க மட்டுமா?" சீறினாள் மஞ்சுளா.

பங்காரப்பேட்டை தாண்டியும் சண்டை ஓயவில்லை. கடைசியில் ஓட்டு. ஆளுக்கு ஒரு கொட்டை. டிபன் பாக்ஸ் பேசிக், அதன் மூடி ஸ்டாண்டர்டு. ஒருத்தி போடும்போது மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். வெளியே பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேடு சாம்பல் யானைபோல் படுத்திருந்தது. அதற்கு மட்டும் எங்கள் ரகசியம் தெரியும்.

பேசிக் ஐந்து, ஸ்டாண்டர்டு நாலு. மகளின் டிக்கை அழித்தேன். பேனாவால் பேசிக்கில் போட்டு, கையெழுத்தும் போட்டேன். எங்கள் ஸ்டேஷன் சாம்பியன் ரீப்ஸ் வரவே, அவசரத்தில் படிவத்தை ஏதோ ஒரு பையில் செருகி இறங்கினேன்.

அது உரித்த அவரைத் தோல் போட்ட பை. ஸ்டேஷன் வாசலில் அந்தத் தோலுக்காகவே ஒரு பசு நிற்கும். கவிழ்த்தேன். அதன் வாயில் வெள்ளையாக என்னவோ தெரிகிறதே என்று குனிவதற்குள், என் கையெழுத்து வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் பள்ளியில் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், ஓட்டு விவரம் உட்பட. பக்கத்தில் நின்ற யமுனா பொறுமையாகக் கேட்டாள்.

"ரயில்ல எத்தினி பேரும்மா?"

"எட்டு."

"ஆளுக்கு?"

"ஒண்ணு."

"அஞ்சும் நாலும் எத்தினி?"

விரல்களை மடக்கினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் மடங்காமல் மிச்சம் நின்றது. மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. புதுப் படிவம் நேராக யமுனா கைக்குப் போனது. இந்த முறை அவள் பென்சில் தேடவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள்: "பேசிக்ல ரெண்டு போட்டியா?"

"பயமா இருந்துச்சுடி."

"எனக்கும்தான்," என்றாள்.

இப்போது அவள் பி.யு.சி. இரண்டாம் வருஷம், கணக்குப் பிரிவு. ரயிலில் அந்த ஒன்பதாவது கொட்டைக்கு ரோசி அக்கா இன்றும் மஞ்சுளாவைத்தான் சந்தேகப்படுகிறார். வீட்டில் தோசையா உப்புமாவா என்று ஓட்டு எடுத்தாலும், என் வீட்டுக்காரர் முதலில் சொல்வது இதுதான்:

"யமுனா, உங்கம்மா கைய விரிச்சுப் பாரு."