எட்டு மணிச் சனியன்

என் அப்பாவின் பணி ஓய்வு விருந்தை நான்தான் கெடுத்தேன் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை வன்மையாக மறுக்கிறேன். கெடுத்தது சனியன். அவனை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தது மட்டும்தான் நான்.

அப்போது நான் மலேசியாவில், பினாங்கின் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணினிப் பிரிவு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பது, பாஸ்வேர்டை மறந்த சூப்பர்வைசர்களுக்குப் புது பாஸ்வேர்ட் கொடுப்பது, மறுநாள் அதையும் மறந்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னொன்று கொடுப்பது. அவ்வளவுதான்.

எங்கள் மேசைகளுக்கு எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் சர்வர் அறை. உள்ளே எப்போதும் குளிர். அங்கே வேலை செய்கிறவர்கள் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். பினாங்கு வெயிலில் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வேலைக்கு வருவதை விடப் பெரிய உயர்வு ஒரு மனிதப் பிறவிக்கு இருக்க முடியாது என்று நான் நம்பிய காலம் அது. (ஒரு ஸ்வெட்டர் வாங்கியும் வைத்திருந்தேன்.)

மேலாளரிடம் போய்க் கேட்டேன். யூனிக்ஸ் நிர்வாகச் சான்றிதழ் பரீட்சையில் தேறிவிட்டு வா, உள்ளே விடுகிறேன் என்றார்.

அந்தப் பரீட்சையில் எழுதுவதற்கு ஒன்றும் கிடையாது. நம் முன்னால் ஒரு கணினியைக் கொடுத்துவிடுவார்கள். அதன் பாஸ்வேர்டைச் சொல்ல மாட்டார்கள். உள்ளே நுழைவதே முதல் கேள்வி. பிறகு எங்கெங்கோ கெடுத்து வைத்திருப்பதையெல்லாம் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

"கெட்டுப்போன கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்ணிப் பழகணும்னா மொதல்ல கம்ப்யூட்டர் கெடணும்ல?" என்றான் சலீம்.

சலீம் என் பக்கத்து மேசைக்காரன். அதே பரீட்சைக்கு என்னோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்தவன். அவனுடைய அத்தா ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் என்கிற சோறு-குழம்புக் கடை வைத்திருந்ததால், எங்கள் குறிப்புத் தாள்கள் எல்லாவற்றிலும் மீன் குழம்பு மணக்கும்.

"நாமளே கெடுத்தா என்ன கெடுத்தோம்னு தெரிஞ்சிடுமே" என்றேன்.

"அதுக்குத்தான் நான் ஒண்ணு எழுதுறேன் பாரு."

எழுதினான். சின்ன நிரல். தினமும் குறித்த நேரத்தில் அதுவாகவே விழித்துக்கொள்ளும். பாஸ்வேர்டை மாற்றும், முக்கியமான ஏதாவது ஒரு கோப்பில் ஒரு வரியைச் சிதைக்கும், பிறகு கணினியை அணைத்துத் திரும்பப் போடும். எதைக் கெடுத்தது என்று எழுதியவனுக்கே தெரியாது. நான் அதற்குச் சனியன் என்று பெயர் வைத்தேன். வீட்டில் அம்மா பார்க்கும் நாடகம் முடிகிற நேரம் எட்டு மணி. அதையே சனியன் வருகிற நேரமாகவும் வைத்துக்கொண்டேன். தினமும் எட்டு மணிக்கு என் மடிக்கணினி செத்துப்போகும். நான் உட்கார்ந்து உயிர் கொடுப்பேன். இரண்டு மாதத்தில் எனக்குக் கை நன்றாகப் பழகிவிட்டது. திமிரும் கூடவே பழகிவிட்டது.

பரீட்சைக்கு முந்தைய வாரம் அப்பாவின் விருந்து வந்தது.

அப்பா ஃபெர்ரியில் வேலை பார்த்தவர். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையில் ஆயுள் முழுவதும் கடலில் போய் வந்துகொண்டிருந்தவர். ஆள்களும் வண்டிகளும் ஏறியதும் கேட்டை மூடுவது, கரை வந்ததும் திறப்பது. பேச்சு விஷயத்திலும் அவர் கேட்டை மூடியே வைத்திருந்தார். வீட்டில் அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தைகள், 'சோறு', 'போதும்', 'விளக்க அணைங்க' போன்றவை.

கூட வேலை செய்தவர்கள் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த மண்டபத்தில் விருந்து வைப்பதாகச் சொன்னபோது, "நான் பேச மாட்டேன். அப்படின்னா வர்றேன்" என்றார்.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம்பா. ஃபோட்டோ பேசும்" என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

பழைய படங்களையெல்லாம் தேடி எடுத்து, வரிசைப்படுத்தி, பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்து, என் மடிக்கணினியில் ஏற்றினேன். படிக்கிற புத்தியை வேறு காட்டினேன். மின்சாரம் போய்த் திரும்பி வந்தாலும் படங்கள் தாமாகவே முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி செய்தேன். யாராவது கை தவறிப் பொத்தானைத் தட்டினாலும் நிற்காதபடி செய்தேன். (இந்த இரண்டு ஏற்பாடுகளையும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.) நிகழ்ச்சி ஏழு மணிக்கு. ஏழரைக்குப் படம் முடிந்துவிடும். சனியனைப் பற்றி நினைக்கவே தோன்றவில்லை.

ஏழு மணிக்கு என்று அழைத்தால் நம்மவர்கள் ஏழு மணிக்குக் குளிக்கப் போவார்கள் என்பதையும் நினைக்கத் தோன்றவில்லை.

எல்லோரும் வந்து சேர்வதற்குள் நேரமாகிவிட்டது. தொழிற்சங்கத் தலைவர் இன்னும் தாமதம். அவர் வந்ததும் மாலை போட்டு, மைக்கைக் கொடுத்து, பின்னால் இருந்த பெரிய திரையில் படங்களை ஓட விட்டேன். அப்பா ஃபெர்ரி கம்பியில் சாய்ந்து, அந்தக் காலத்துக் காது மறைக்கும் முடியோடு நின்றார். ஹால் முழுக்கக் கைத்தட்டல். நான் பெருமை தாங்காமல் சாப்பாட்டு மேசைப் பக்கம் போனேன்.

அங்கே சலீம் பிரியாணித் தட்டோடு நின்றிருந்தான். திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நல்லா இருக்கு தேவி. இது உன் பிராக்டிஸ் லேப்டாப்தானே? சனியன நிறுத்திட்டல்ல?"

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். முள் எட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போது என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது.

"ஐயோ, நிறுத்துங்க! சனியன் ஆரம்பிச்சிரும்!"

அந்த விநாடி தலைவர் மைக்கில், "இப்பொழுது நான் என் உரையை..." என்று சொல்லியிருந்தார். பாவம், நல்ல மனிதர். அதற்கு மேல் பேசவில்லை. மைக்கை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

திரை இருண்டது. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழை மாதிரி ஓடின. ஓடி நின்றன. 'எமர்ஜென்சி மோட்' என்று, மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் தெரியும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே மாலையோடு அப்பா.

பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எமர்ஜென்சி! லைஃப் ஜாக்கெட்! எல்லாரும் ஜாக்கெட் போடு!"

கேப்டன் ஹமீத். அப்பாவின் ஃபெர்ரியை ஓட்டிய மலாய்க்காரர். தமிழர்களோடு வேலை செய்து செய்து, தமிழில் திட்டவும் கிண்டல் செய்யவும் நம்மை விட நன்றாகக் கற்றவர். அவர் குரல் கொடுத்ததுதான் தாமதம், ஃபெர்ரிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் நாற்காலி மெத்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டார். இன்னொருவர், "பொம்பளைங்க, பிள்ளைங்க மொதல்ல! பிரியாணிய கைல எடுத்துக்கிட்டு எறங்குங்க!" என்று வாசலில் போய் நின்றார்.

நான் மடிக்கணினி முன்னால் மண்டியிட்டேன். திரையை அணைக்கச் சொல்லிச் சலீமிடம் கெஞ்சினேன். புரொஜெக்டர் கூரையில் தொங்கியது. ரிமோட் மண்டபக் காவலாளியிடம் இருந்தது. அவர் ஐஸ் வாங்கப் போயிருந்தார். ஆகவே நான் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் சுவர் அளவுக்குத் தெரிந்தது. என் பரீட்சையை மண்டபமே கண்காணித்தது.

வழக்கமான வேலைதான். திரும்பப் போடு, பாதியில் நிறுத்து, புறவாசல் வழியாக உள்ளே நுழை, புது பாஸ்வேர்ட் வை. தினமும் செய்தது. ஆனால் தினமும் பின்னால் நின்று யாரும் படித்துக் காட்டியதில்லை.

"பாஸ்வேர்ட் ரெண்டும் ஒத்துப்போகலையாம்" என்றார் ஓர் அக்கா.

"மறுபடியும் தப்பாம்" என்றார் இன்னொருவர்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுமா. எங்க வீட்டு டிவிக்கு நான் அப்படித்தான் செய்வேன்."

அம்மா மட்டும் தளரவில்லை. மேசை மேசையாகப் போய், "எம்மவ பரீட்சைக்குப் படிக்கிறா. இதெல்லாம் அவளே கெடுத்து அவளே சரிபண்ணுவா" என்று பெருமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முயற்சியில் பாஸ்வேர்ட் படிந்தது. சிதைந்த வரியையும் கண்டுபிடித்துத் திருத்தினேன். இனி கணினி தன்னிடம் உள்ள எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் எழும்பும். அதற்குச் சில நிமிடம் ஆகும். நமக்கு அதில் வேலை இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

அப்போதுதான் மண்டபம் அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கேப்டன்தான் ஆரம்பித்து வைத்தாராம். "அடுத்த ஃபோட்டோ என்ன? நீயே சொல்லு லா" என்று மைக்கை அவர் கையில் திணித்துவிட்டார். திரை இருட்டாக இருந்த தைரியத்தில் அப்பா பேசிவிட்டார். ஆடு ஒன்று கடலில் குதித்த கதை ஏற்கெனவே முடிந்திருந்தது. கல்யாணக் கார் ஒன்று நடுக் கடலில் கிளம்ப மறுத்து, மாப்பிள்ளையே இறங்கித் தள்ளிய கதையும் முடிந்திருந்தது. எல்லோரும் கண்ணீர் வரச் சிரித்திருந்தார்கள். இரண்டையும் நான் கேட்கவில்லை. பாஸ்வேர்ட் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப பட்டர்வொர்த்துலேருந்து ஒரு பொண்ணு தெனம் காலையில வரும்" என்றார் அப்பா. "இந்தப் பக்கம் தையல் கடையில வேல. தெனம் லேட்டு. நான் கேட் மூடப் போவேன், அப்பத்தான் தூரத்துல கொட தெரியும். கொடைய வீசிக்கிட்டே ஓடியாரும். மழையே இருக்காது."

அம்மா தலை குனிந்தார்.

"மேலேருந்து நான் கத்துவேன்" என்றார் கேப்டன். "ஏன் இன்னும் மூடல? இவன் சொல்வான், கேட் சிக்கிருச்சு கேப்டன். டெய்லி சிக்கும்! ஞாயித்துக்கிழம மட்டும் சிக்காது!"

மண்டபம் அதிர்ந்தது. அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். எங்கள் சிறுவயது முழுக்க, 'என் வாழ்க்கையில ஒரு நாள்கூட நான் ஃபெர்ரிய விட்டதில்ல' என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியவர் அம்மா.

"நான் வேகமா ஓடுனேன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்!" என்றார்.

அப்பா சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஒரு நாளு கொடையக் காணோம். ஆளையும் காணோம். நான் கேட்ட மூடல. கேப்டன் ஹார்ன் அடிக்கிறாரு, காருக்காரங்க ஹார்ன் அடிக்கிறாங்க. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அப்பத்தான் நான்..."

மண்டபத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் நாதஸ்வரம் வெடித்தது.

என் கணினி உயிர்பெற்றுவிட்டது. நான் சொல்லிக் கொடுத்தபடி தானாகவே, முதலிலிருந்து, முழுச் சத்தத்தோடு.

"நிப்பாட்டு!" என்று மண்டபமே கத்தியது. நான் ஒரு பொத்தானைத் தட்டினேன். எல்லாப் பொத்தானையும் தட்டினேன். யார் தட்டினாலும் நிற்காதபடிதானே செய்து வைத்திருந்தேன். சலீம் மின்கம்பியைப் பிடுங்கினான். பேட்டரியில் ஓடியது. கடைசியில் அவன் மேசைக்கடியில் புகுந்து ஸ்பீக்கர் கம்பியை இழுத்துப் போட்டான்.

சத்தம் நின்றது. அப்பா உட்கார்ந்துவிட்டிருந்தார். மைக் தலைவரின் மடியில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பேசலாமா என்று கண்ணாலேயே அனுமதி கேட்டார்.

அடுத்த வாரம் பரீட்சையில் தேறினேன். கெட்டுப்போன கணினியைக் கொடுத்தார்கள். யாரும் பின்னால் நின்று படித்துக் காட்டவில்லை, மெத்தையைக் கட்டிக்கொண்டு ஓடவில்லை. விளையாட்டாக முடிந்தது. சலீமும் தேறினான். ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டேன். இரண்டே நாளில் சளி பிடித்தது.

ஆனால் அந்தக் கேட் முன்னால் அப்பா என்ன செய்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கேட்டால், "அதான் ஃபோட்டோ போட்டியே, அதுல பாத்துக்க" என்கிறார். கேப்டனிடம் கேட்டோம். "அது அவன் சொல்ல வேண்டியது. நான் சொன்னா நல்லா இருக்காது" என்று சிரிக்கிறார். குடை வராத அந்த நாளில் அம்மா காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாராம். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

என் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார் அம்மா. வருகிறவர்கள் யாராவது அதைப் பார்த்துவிட்டு, என்ன படிப்பு இது என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மா முந்திக்கொள்வார்.

"எங்க வீட்டுக்காரரு ஆயுசுலயே ஒரே ஒரு தடவதான் வாயத் தொறந்தாரு. அத மூடுறதுக்கு இவ படிச்ச படிப்பு."