வெறும் வண்டியைத் தள்ளக் கூடாது

வில்லியனூர்,
ஆனி மாதம், ஞாயிறு.

பாகூரில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி சாமிநாதன் அவர்களுக்கு, பச்சையப்பன் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கு நான், என் மனைவி அமிர்தம், தங்கள் மருமகளான என் மகள் இளவரசி, பேத்தி யாழினி, மூன்று மாதத்துப் பேரன் ஆகிய ஐவரும் சௌக்கியம். தங்கள் மூட்டுவலி, சம்பந்தியம்மாவின் சர்க்கரை, சினையாக இருந்த பசு எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். கையில் ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால் நான் சொல்வது தங்கள் தெரு முழுக்கக் கேட்கிறது. வாட்ஸப்பில் பேசி அனுப்பலாம் என்றால், போன தடவை தங்களுக்கென்று நினைத்து என் மூலவியாதியைப் பற்றிப் பேசி அனுப்பியது, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் குழுவுக்குப் போய், நாற்பத்திரண்டு பேர் கை கூப்பிப் பதில் போட்டார்கள். ஆகையால் காகிதமே மேல்.

விஷயம் இதுதான். வருகிற புதன்கிழமை இளவரசியையும் பிள்ளைகளையும் அழைத்துப்போக மாப்பிள்ளை புகழ்வேந்தன் வருவதாக ஏற்பாடு. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லி அந்த நாளைக் குறித்தது தாங்கள்தான், நானும் தலையாட்டினேன், மறுக்கவில்லை. இப்போது அதை ஓர் இரண்டு வாரம் தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வாரம் தள்ளினால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் நல்ல காரியம் எதுவும் நாம் செய்வதில்லை, ஆகையால் ஆவணி என்று வைத்துக்கொள்ளலாம். காரணம் தள்ளுவண்டி. வேறு காரணம் எதுவும் இல்லை.

பேரனுக்குப் பெயர் வைக்க வந்த அன்று தாங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. தலைப்பிள்ளைக்கே தொட்டில், அரைஞாண் என்று எல்லாம் செய்துவிட்டீர்கள், இரண்டாவதுக்குச் சீர் ஒன்றும் வேண்டாம், இரண்டு பேரையும் வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு வண்டி மட்டும் போதும் என்றீர்கள். மாப்பிள்ளை சேதராப்பட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்விட்டால், யாழினியைப் பால்வாடியில் விடுவது, சின்னவனைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோவது, கடைக்குப் போவது எல்லாம் இளவரசி ஒருத்தி தலையில்தானே விழும் என்றும் சொன்னீர்கள். என் பெண்ணின் கை வலிக்குமே என்று மாமனார் ஒருவர் கவலைப்பட்டதை நான் மறக்க மாட்டேன். ஆனால் முப்பத்தோரு வருஷம் சாலை போடும் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வை பார்த்தவன் நான். சக்கரம் வைத்த எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

முதல் வண்டியை இளவரசி ஃபோனிலேயே பார்த்து வரவழைத்தாள். சின்னவனுக்கு இருக்கை, யாழினி நின்றுகொண்டு வரப் பின்னால் ஒரு பலகை. பார்க்க அழகுதான், ஆனால் சக்கரம் ஒவ்வொன்றும் அதிரசம் அளவு. பிள்ளைகளை ஏற்றுமுன் ஒரு நடை பார்க்கலாம் என்று நான் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியதும் அமிர்தம் ஓடிவந்து மறித்தாள். வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது என்றால் வெறும் வண்டியையும் தள்ளக் கூடாதாம். தொட்டில் போடும் அன்று முதலில் அம்மிக் குழவியைக் கிடத்தி ஆட்டிவிட்டுத்தானே பிள்ளையைப் போடுகிறோம், அந்த முறை வண்டிக்கும் உண்டு என்று சொல்லி, சமையல்கட்டிலிருந்து குழவியைத் தூக்கி வந்து, கழுவி, இருக்கையில் கிடத்தி, பெல்ட்டும் மாட்டிவிட்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஏழு கிலோ எடை இருந்தால் சோதனை சரியாக இருக்கும் என்று ஒப்புக்கொண்டேன். வெயில் ஏறியிருந்ததால் அதன் மேல் பிள்ளையின் துண்டு ஒன்றைப் போர்த்தினேன். நான் செய்த தவறு அதுதான்.

டீக்கடை முத்துசாமி பேரனைப் பார்க்க வேண்டும் என்று துண்டைத் தூக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். தாத்தா ஜாடைதான் என்று சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார். அடுத்து, கோயிலிலிருந்து வந்த காசம்மாள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. துண்டுக்குள் கையை விட்டு, நெற்றி என்று அவர் நினைத்த இடத்தில் திருநீறு பூசி, "புள்ள நல்லா கெட்டியா கீது" என்று சந்தோஷப்பட்டார். அந்த சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை. பத்தடி தள்ளியிருப்பேன், பெரிய பள்ளம் ஒன்றில் முன்சக்கரம் இறங்கி, முறிந்து, குழவி பெல்ட்டை அறுத்துக்கொண்டு சாலையில் உருண்டது. பின்னால் காசம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அந்தச் சாலை என் மேற்பார்வையில் போட்டது. பள்ளத்தைப் பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

வண்டி விற்ற கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். வண்டியில் இருந்த குழந்தைக்கு அடி ஏதும் பட்டதா என்று கேட்டாள். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். லேசாக ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது, பயப்படும்படி ஒன்றும் இல்லை, அம்மி கொத்துகிறவர் வந்தால் உளி வைத்துச் சரிசெய்துவிடுவார் என்றேன். பிறகு அவளுக்கு மேலே உள்ள யாரோ வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வண்டி போயிற்று. ஆனால் திருநீறு பூசின கல்லில் மிளகாய் அரைக்க மாட்டேன் என்று அமிர்தம் பிடிவாதமாக இருப்பதால் இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் மிக்ஸி சட்னிதான். அது தொண்டையில் இறங்கவில்லை என்பது தனி விஷயம். யாழினி வேறு அந்தக் கல்லுக்குத் தொப்பி போட்டு, கல்லுத் தம்பி என்று பெயரும் வைத்து, தான் தின்கிற பிஸ்கட்டில் பாதியை அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். எறும்பு தாங்கவில்லை.

இரண்டாவது வண்டியை நானே புதுச்சேரிக்குப் போய்ப் பெரிய கடையில் பார்த்து வாங்கினேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, சக்கரமும் பரவாயில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் வண்டியின் அகலம் இரண்டே முக்கால் அடி, எங்கள் கேட்டின் அகலம் இரண்டரை அடி. ஒரு காலத்தில் இருபதடிச் சாலையைக் கண்ணாலேயே அளந்தவனுக்கு இது தெரியவில்லையா என்று இளவரசி கேட்டாள். கேட் கோணலாகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, யாழினியை ஒரு பக்கமும் குழவியை ஒரு பக்கமும் வைத்துத் தெருவில் தள்ளினால், சாக்கடை மூடிக்கும் எதிர்வீட்டு பாக்யராஜின் பைக்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எதிரே ஒரு பால் வண்டி, பின்னால் இரண்டு ஷேர் ஆட்டோ. யாழினியோ இறங்க மாட்டேன் என்கிறாள். பாக்யராஜ் நின்று வேடிக்கை பார்த்தானே தவிர பைக்கை எடுக்கவில்லை. "வீராம்பட்டினத்துத் தேரு ஆடியில ஒரு நாள்தான் மாமா வழிய மறிக்கும். உன் தேரு டெய்லி மறிக்கும் போலகீதே" என்றான். கடைசியில் நான்கு பேர் சேர்ந்து, பேத்தியோடும் குழவியோடும், அப்படியே தூக்கி மதில் மேலாக வீட்டுக்குள் இறக்கினார்கள். மறுநாள் அதே வழியாக வெளியேற்றிக் கடையில் மாற்றிக்கொண்டேன்.

இனிமேல் அளக்காமல் ஒரு அடியும் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அதில்தான் தங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை தங்கள் தெருவில் ஒருவன் டேப்பும் சுண்ணாம்புக் கட்டியுமாகக் குனிந்து குனிந்து அளந்தானே, அது நான்தான். தங்கள் வாசலிலிருந்து பால்வாடிவரை நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர், பள்ளம் பதினொன்று, மாடு கட்டும் முளை ஒன்று. வண்டியைத் தூக்க வேண்டிய இடத்திலெல்லாம் படியிலும் கல்லிலும் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனேன். அதைப் பார்த்துவிட்டு, சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், குறி போட்ட படியெல்லாம் இடிபடும் என்று தெருவே கலங்கிப்போய், தாங்களே முன்னின்று இருபத்தாறு பேர் கையெழுத்தோடு கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுத்ததாக மாப்பிள்ளை சொன்னார். படி எதுவும் இடிபடாது, தைரியமாக இருங்கள். மனுவைத் திரும்ப வாங்க வேண்டுமானால் நானே வந்து காரணம் சொல்கிறேன். சம்பந்தி வீட்டு வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனது முறையல்ல, தெரியும். உள்ளே வந்திருந்தால் புதன்கிழமைப் பேச்சு வந்திருக்கும்.

மூன்றாவது வண்டி இப்போது வீட்டில் நிற்கிறது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ரயில் பெட்டி மாதிரி. கேட்டில் நுழைகிறது, பாக்யராஜின் பைக்கைத் தாண்டுகிறது, என் சாலையின் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. ஆனாலும் இதில் பதினேழு குறைகள் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உதாரணத்துக்கு, கூரைத் துணி நீலம், வெயிலில் சின்னவன் முகம் நீலமாகத் தெரிகிறது, பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். பிரேக் போட்டால் டக் என்று சத்தம் வருகிறது. ஆகையால் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு இரண்டு பேரையும் உட்கார வைத்து, கல்லுத் தம்பியைக் கீழ்க் கூடையில் வைத்து, சங்கராபரணி ஆற்றுப் பாலம்வரை தள்ளிக்கொண்டு போய்ச் சோதிக்கிறேன். யாழினி பஸ் எண்ணுவாள். அவளுக்கு மூன்றுவரைதான் எண்ணத் தெரியும், அதனால் மூன்றாவது பஸ் வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். சோதனை இன்னும் முடியவில்லை.

இதை அமிர்தம் ஒப்புக்கொள்ளவில்லை. நேற்று பதினெட்டாவது குறையை எழுதலாமென்று தாளை எடுத்தேன். அவள் பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, "வண்டிக்கு இன்னா கொற? உனுக்குத்தான் அனுப்ப மனசில்ல" என்றாள். இது துளியும் உண்மையில்லை என்று தாங்கள் நம்ப வேண்டும். பெண்ணை அவள் வீட்டுக்கு அனுப்பத் தெரியாத தகப்பனா நான்? கல்யாணத்தன்றுகூட நான் அழவில்லை, கண்ணில் தூசி விழுந்தது, தாங்களே பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள். எல்லாம் வண்டியால்தான். ஆகவே ஆவணிவரை பொறுத்தருள வேண்டும்.

தங்கள் வீட்டில் பால் பொங்க, பசு நல்லபடியாகக் கன்று போட, எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க, வில்லியனூர்க் கோயிலில் வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு அமிர்தத்தின் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி.

இப்படிக்குத் தங்கள் அன்பிற்குரிய சம்பந்தி,
பச்சையப்பன்.

பின்குறிப்பு (புதன், சாயங்காலம்): மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். திங்கட்கிழமை இந்தக் கடிதத்தைப் போடத் தபால் பெட்டிவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். யாழினி பஸ் பார்க்க வேண்டும் என்றாள், போடாமலேயே பாலத்துக்குப் போய்விட்டோம். செவ்வாயும் அப்படியே. இன்று காலை மாப்பிள்ளை நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு நண்பரின் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கேட்டை அளந்தேன், தெருவை அளந்தேன், பால்வாடிவரை அளந்தேன், கார் டிக்கியை அளக்கவில்லை. வண்டியை மடித்தும் திருப்பியும் செருகிப் பார்த்தோம், போகவில்லை. அடுத்த வாரம் வேனில் எடுத்துக்கொள்கிறேன் மாமா என்றார். கல்லுத் தம்பி வராமல் காரில் ஏற மாட்டேன் என்று யாழினி தரையில் உருண்டதால் குழவியைக் காலடியில் வைத்து அனுப்பினோம். இந்நேரம் தாங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குப் பிஸ்கட் கொடுக்காதீர்கள், எறும்பு வரும்.

கார் தெருமுனையில் திரும்பும்வரை கையாட்டினேன். நாலரை மணிக்குப் பழக்கத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியைப் பிடித்துவிட்டேன். அமிர்தம் வந்து கையைப் பிடித்தாள். வெறும் வண்டி. உள்ளே வைக்கக் குழவியும் இல்லை. சம்பந்தி, அவள் அன்று சொன்னது உண்மை. பிள்ளைகள் போன பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பதினேழு குறைகளையும் கிழித்துப் போட்டேன், அது நல்ல வண்டி. ஸ்டாம்ப் ஒட்டிவிட்டபடியால் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

வேன் எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஒரு நடை இங்கே அனுப்பி வையுங்கள். அவர்களை வண்டியில் வைத்து நானே பாகூர்வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிடுகிறேன். தங்கள் வீட்டுப் படியில் இருக்கும் பெருக்கல் குறியை மட்டும் அதுவரை அழித்துவிடாதீர்கள்.