நான் ஒரு கால்பந்து டீம் வாங்கினேன்

கூச்ச சுபாவம் உள்ளவன் எதையும் விலைக்கு வாங்கக் கூடாது. கத்தரிக்காய் வாங்கும்போதே பேரம் பேச வாய் வராத நான், ஒரு கால்பந்து டீமை வாங்கினேன். அதுவும் சம்பளத்துக்கு ஆடும் டீம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தங்கச் சுரங்கத்தை மூடிவிட்ட எங்கள் ஊரில், ராபர்ட்சன்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸிக்குள் தலையை விட்டுக்கொண்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. பெங்களூரில் ஒருவர் தன் டீமை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார் என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி பீட்டர்.

"இன்னா மாமா யோசிக்கிறீங்க? நாளைக்கு ஊரே உங்கள ஓனர்னு கூப்பிடும்!"

(கூப்பிட்டால் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். அது வேறு விஷயம்.)

ஸ்டெல்லாவின் செயினை அடகு வைத்தோம். "சீசன் முடியறதுக்குள்ள என் கழுத்துக்கு வந்துடணும்" என்றாள். பலமாகத் தலையாட்டினேன்.

ஏன் இவ்வளவு மலிவு என்று விற்றவரிடம் கேட்க எனக்குக் கூச்சம். பிறகு தானாகவே தெரிந்தது. மாட்டுக்குத் தீனி போட்டால் பாலாவது கொடுக்கும். என் டீம் தீனி மட்டும் தின்றது. சம்பளம், மைதான வாடகை, பழைய முதலாளி விட்டுப்போன மெஸ் பாக்கி, கோல்கீப்பரின் முழங்கால் ஆபரேஷன். தோற்றாலும் சம்பளம், ஜெயித்தால் சம்பளத்தோடு பிரியாணி. தன் டீம் தோற்கும்போது மனசுக்குள் லேசாகச் சந்தோஷப்பட்ட ஒரே முதலாளி நானாகத்தான் இருப்பேன்.

கடைக் காசும் கரைந்தபோது பீட்டர் ஒரு வழி சொன்னான். ஒரு மேட்சை நம் ஊரில் வைத்து டிக்கெட் போடலாம். ஃபுட்பால் என்றால் சோற்றை மறக்கும் ஊர் இது. நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் மைதானம் பிடித்து, சுற்றிலும் ஓட்டை இல்லாமல் தகர ஷீட் அடித்தோம். டிக்கெட் ஐம்பது ரூபாய். அந்த வசூலில் செயினை மீட்டுவிடுவது என்று முடிவு.

மேட்ச் ஆரம்பித்தபோது உள்ளே எங்கள் கோயில் ஃபாதரும் (ஓசி பாஸ்), கோல்கீப்பரின் மாமியாரும் மட்டுமே இருந்தார்கள். ஆனால் விசிலும் கைதட்டலும் காதைப் பிளந்தன. நிமிர்ந்து பார்த்தேன்.

மைதானத்தை ஒட்டி சயனைடு டம்ப். சுரங்கத்து வேலை நடந்த காலத்தில் கல்லை அரைத்து, சயனைடு விட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண், மலையாக நிற்கிறது. அதன் மேல் குடையும் வேர்க்கடலையுமாக ஊரே உட்கார்ந்திருந்தது. சின்ன வயதில் நானும் அங்கிருந்துதான் எல்லா மேட்சும் பார்த்தேன். ஒரு நாளும் டிக்கெட் வாங்கியதில்லை. தகரம் அடிக்கும்போது அந்த ஞாபகம் எங்கே போயிருந்ததோ!

"மேல போய்க் காசு கேளுங்க மாமா!" என்று பீட்டர் என்னைத் தள்ளினான். மூச்சிரைக்க ஏறினேன். வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்க ஓனரே, குந்துங்க. இங்கேர்ந்து நல்லா தெரியுது. உங்க டீம் சூப்பரா கீது!"

இதற்கு மேல் எப்படிக் கேட்பது? குந்தினேன். கடலை கொடுத்தார்கள், தின்றேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம் (பிரியாணி!).

டீம் கலைந்தது. செயின் ஏலத்துக்குப் போனது. ஸ்டெல்லா அடகுச் சீட்டை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டாள். அதுதான் பயமாக இருந்தது.

சில வருடம் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊரிகத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மேட்ச்சை மறக்கவே முடியாதுங்க. இன்னா ஆட்டம்!"

காபித் தட்டோடு வந்த ஸ்டெல்லா நின்றாள். "டிக்கெட் வாங்கினீங்களா அண்ணே?"

அவர் காபியை வெகுநேரம் குடித்தார். பிறகு மெதுவாக, "டம்ப் மேல காத்து நல்லா வந்திச்சிம்மா..." என்றார்.

கல்யாணம் நடந்தது. இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு ஓர் ஐம்பது ரூபாய் நோட்டையும் நீட்டுகிறார். "டிக்கெட்டுக்கும்மா." ஸ்டெல்லாவும் கூச்சமே இல்லாமல் வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டு, வீடு நிறைய ஆள் இருக்கும்போது என்னைப் பார்த்துச் சொல்வாள்:

"இன்னும் ரெண்டாயிரம் சம்பந்தி கிடைச்சா என் செயினை வாங்கிடலாங்க."