கறுப்பாக வந்த குட்டைப் படம்

ஆவடி
9-5-1994

அன்புள்ள தம்பி கோதண்டத்துக்கு அக்கா வேம்புலியம்மாள் எழுதுவது. வேப்பம்பட்டில் நீ, கண்ணம்மா, எருமைகள் மூன்றும் சுகமா? இங்கே அனைவரும் சுகம்.

எருமைகளை அவிழ்த்துவிடு. குட்டையில் விஷப்பாசி இல்லை! பக்கத்து வீட்டுக் கன்று அந்தப் பச்சைத் தண்ணீரைக் குடித்துச் செத்ததிலிருந்து, நீ மூன்று எருமைக்கும் அடிபம்பில் அடித்து அடித்து இடுப்பு விட்டுப்போய்க் கிடக்கிறாய் என்று கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால்தான் எம்.எஸ்ஸி. படிக்கிற என் பேத்தி வனஜாவைப் பிடித்தேன், அவள் நீ கேனில் பிடித்து ரயிலில் கொடுத்தனுப்பிய குட்டைத் தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, சன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, பச்சை விளக்கு போட்டு, கேமரா கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடி மாட்டிப் படம் எடுத்தாள். பச்சை வெளிச்சம் பட்டால் சாதாரணப் பாசி சும்மா இருக்குமாம், விஷப்பாசி ஜாதி மட்டும் சிவப்பாக மின்னுமாம், நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படத்தில் விழுமாம். நம் வம்சத்தில் யாருக்கடா இந்த மூளை இருக்கிறது? ஐந்தாவது படித்த எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள்.

இன்று அவள் கல்லூரிக்குப் போனதும், கழுவக் கொடுத்திருந்த ரோலை வாங்க நானே ஸ்டூடியோவுக்குப் போனேன். கடைக்கார ஜேம்ஸ் தலையைச் சொறிந்தான்.

"இன்னா ஆயா, ஒண்ணுமே வுழல. ரோல் பூரா காலியா கீது. பிரிண்ட் போட்டா கறுப்பாத்தான் வரும், இன்னா பண்ணப்போற?"

"அட என் ராசா, கறுப்பாத்தான்டா வரணும்! போடு, எல்லாத்தையும் போடு. பெருசா போடு!"

"வெயில்ல ரொம்ப சுத்திட்டியா ஆயா?"

அவனுக்கென்ன தெரியும், பாவம். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு படமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொட்டுச் சிவப்பு இல்லை. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. உடனே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். கண்ணம்மாவுக்கும் எருமைகளுக்கும் என் ஆசி. உன் இடுப்புக்கு இனி ஓய்வு.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: எருமைகளை அவிழ்க்காதே! கடிதத்தை ஒட்டின பிறகுதான் வனஜா வந்தாள். கிழிக்க மனசு வரவில்லை, வெளிமடிப்பில் எழுதுகிறேன். நல்லவேளை, இன்னும் பெட்டியில் போடவில்லை. அதே ரோலில்தான் நம் சின்னப் பேரன் சம்பத்தின் காதுகுத்தும் எடுத்தாளாம், பட்டு வேட்டியில் நீ நின்றாயே, அது. அதுவும் கறுப்புதான். ரோல் கேமராவில் சரியாக மாட்டாமல் ஓடவே இல்லையாம். இன்னொரு கேன் தண்ணீர் அனுப்பு, திரும்ப எடுப்பாள். இப்போதைக்கு, குட்டையில் விஷப்பாசியும் இல்லை, காதுகுத்தில் நீயும் இல்லை.