ஆர்லீனின் வெள்ளி டாலர்

மூடியைத் திறந்ததும் மெர்லுக்குப் பகீரென்றது. காலையில் கன்னங்கரேலென்று உள்ளே போன வெள்ளி டாலர் நாணயம் இப்போது ரோஜா நிறத்தில் கிடந்தது.

அது கூழாங்கல்லைப் பளபளப்பாக்கும் உருளை இயந்திரம். ஓஹையோவில் அந்தச் சிற்றூரின் பூங்கா, மைதானம் எல்லாம் உலோகம் தேடும் கருவியோடு சுற்றும் மெர்ல், மண்ணில் கிடைத்த சில்லறையை மீன்தொட்டிக் கல்லும் சோப்புத் தண்ணீரும் சேர்த்து அதில் உருட்டிச் சுத்தம் செய்வார். செம்புக் காசை மற்றதோடு கலக்கக்கூடாது, கலந்தால் எல்லாம் சிவந்துவிடும். பழைய வெள்ளியைப் போடவே கூடாது, தேய்ந்துவிடும். ஊருக்கெல்லாம் இதைப் பாடம் எடுத்த ஓய்வுபெற்ற தபால்காரர், பத்திரமாக இருக்கட்டும் என்று டாலரைச் சில்லறை டப்பாவில் போட்டார். பிறகு அதை மறந்து, டப்பாவை அப்படியே உருளையில் கவிழ்த்துவிட்டார்.

சொந்தக் காசு என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பார். இது பக்கத்து வீட்டு ஆர்லீனுடையது. போன வருஷம் மெர்லின் மனைவி நோரா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் ஒரு நாள் தவறாமல் சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்த மகராசி. நன்றி சொல்ல வாயெடுத்தால், ஆறிப்போகும், முதலில் சாப்பிடு என்று அதட்டுவாள். அவள் திருப்பிக் கேட்ட ஒரே உதவி இதுதான். வீட்டை விற்றுவிட்டாள். சனிக்கிழமை மகளோடு அரிசோனாவுக்குப் போகிறாள். அதற்குள் தோட்டத்தில் தொலைந்த டாலரைத் தேடித் தர முடியுமா?

கல்யாணமாகிப் பத்தாவது வருஷம், அவள் பெயரின் முதல் எழுத்தை அதில் வெட்டி வாங்கியதாக அவள் கணவர் டுவைட் சொன்னார். ஆனால் அவள் கண்ணில் காட்டுவதற்குள் தோட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டதாம். நல்லாக் கதை விடுகிறாய் என்று அன்று அவள் சொல்லிவிட்டாள். டுவைட் போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சொல் அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

"அந்த எழுத்த ஒரு தடவ பாத்துட்டாப் போதும், மெர்ல். அந்த மனுஷன் பொய் சொல்லலன்னு தெரிஞ்சுக்கிட்டு நிம்மதியாப் போவேன்."

மூன்று நாள் தோண்டி, வெள்ளிக்கிழமை காலையில்தான் ஆப்பிள் மரத்தடியில் காசு அகப்பட்டது. அப்போது மேலெல்லாம் கறுப்புப் பொருக்கு. இப்போது மெர்ல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தைக் காணோம்.

"அவ மூணு மாசம் சூப்பு ஊத்தி உன்னக் காப்பாத்தினா," என்றாள் நோரா. "நீ மூணு மணி நேரத்துல அவ புருஷன் எழுத்தையே தேச்சு அழிச்சுட்ட."

மெர்ல் காசோடு சமையலறைக்குப் போனார். சமையல் சோடாவும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்தார். சிவப்பு போனது. போன வேகத்தில் காசு புது ஸ்பூன் மாதிரி மின்னியது. சரி, இருந்த எழுத்தைத்தானே திரும்ப வைக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஆணியை எடுத்தார். ஆங்கில 'A' எழுத்தின் இடது கால் வழுக்கி ஓரம் வரை ஓடிவிட்டது. அதற்குச் சரிக்கட்ட வலது காலை நீட்டினார், அது வளைந்துகொண்டது. கீறல் வேறு பளிச்சென்று நேற்றுப் பிறந்ததாகக் காட்டிக்கொடுத்தது. கறுக்க வைக்க, அவித்த முட்டையோடு காசை டப்பாவில் போட்டு மூடினார். காசு கறுத்தது, ஆனால் முட்டை நாற்றம் போகவே இல்லை. நோரா ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுவிட்டுத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆர்லீன் வீட்டில் வழியனுப்பு விருந்து. தெருவே ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்திருந்தது. மெர்ல் வேர்த்து விறுவிறுத்துக் காசை நீட்டினார்.

ஆர்லீன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு காசை டுவைட்டின் தம்பி ஓரினிடம் கொடுத்தாள். பக்கத்து ஊரில் மோதிரத்திலும் கோப்பையிலும் பெயர் வெட்டும் கடை வைத்திருந்தவர் அவர். அவரிடம்தான் எழுத்து வெட்டக் கொடுத்ததாக டுவைட் அன்று சொல்லியிருந்தார்.

ஓரின் வெகுநேரம் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்தார்.

"என் கைவேலதான், அண்ணி," என்றார் ஓரின்.

ஆர்லீன் எழுந்து வந்து மெர்லைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் சூப்புக்கும் சேர்த்து இன்று கணக்குத் தீர்ந்தது என்று சொல்லிச் சிரித்தாள். மெர்லுக்குத் தாங்கவில்லை. ஓரினைத் தனியே ஆப்பிள் மரத்தடிக்கு இழுத்துப் போய், உருளையில் போட்டு அவர் வெட்டிய எழுத்தைத் தேய்த்துவிட்டதையும், ஆணியால் தானே கிறுக்கியதையும் ஒன்று விடாமல் கொட்டி, மன்னிப்புக் கேட்டார்.

ஓரின் அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"நீ எதையும் அழிக்கல, மெர்ல். அன்னிக்கு என் கடைக்குக் கெளம்பறதுக்குள்ளயே அண்ணன் இங்க காசத் தொலச்சுட்டு, வெட்டிக் குடுத்தேன்னு சொல்லுடான்னு என்னக் கெஞ்சினான்; முப்பத்தாறு வருஷமா எங்க ரெண்டு பேரு நெஞ்சுலயும் கெடந்த பொய்ய நீதான் நெசமாக்கிட்ட, நீ நல்லா இருக்கணும்."