புஸ்பத்துக்குத் தகுதியில்லை

உலக சினிமாவின் தலைநகரம் தேற்றாத்தீவுதான். சண்டைக் காலத்தில், மின்சாரமே இல்லாமல், திரைப்பட இரசனைக் கழகம் நடத்திய ஊர் வேறெங்கும் உண்டா? அதன் தலைவர் நான். என் தகுதி பற்றி ஐயம் வேண்டாம். கூட்டம் நடக்கும் வாசிகசாலைப் பூட்டின் திறப்பு என் இடுப்பில்தான் தொங்கியது.

வாவியில் மீன்பிடிக்கும் அழகரத்தினம், மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த வீடியோக் கமெராவால் ஒரு 'காவியம்' எடுத்தார். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் திரையிட்டோம். கதாநாயகன் குண்டடிபட்டு முக்கால் மணித்தியாலம் செத்தான். நடுவில் ஹெலிகொப்டர் சத்தம். அது படத்துக்குள்ளா வெளியிலா என்று தெரியாமல் சனம் வேலி பாய்ந்து ஓடியது. "பார்வையாளரை இருக்கையிலிருந்து எழுப்பிய படம்" என்று அன்றைக்கே விமர்சனம் எழுதி வாசிகசாலைப் பலகையில் ஒட்டினேன். எனக்கே புல்லரித்தது.

அதை வாசித்த அழகரத்தினம், தோணியை விற்று இரண்டாம் பாகம் எடுப்பதாக அறிவித்தார். மறுநாள் அவர் மனைவி புஸ்பம் கழகக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள்.

"படம் சரியில்ல அண்ணன். அந்தாள் செத்து முடியிறத்துக்குள்ள அடுப்பில சோறு கரிஞ்சி போச்சு. இதையும் எழுதி ஒட்டுங்க. தோணி போனா நாங்க என்னத்தத் தின்னுற?"

"நீ எப்பயாவது படம் எடுத்திருக்கயா புள்ள?" என்று கேட்டேன்.

"இல்ல. அவர் எடுக்கக்குள்ள கமெராவுக்கு வெயில் படாம குடை பிடிச்சன்."

"குடை பிடித்தல் தொழில்நுட்பம் ஆகாது" என்று செயலாளர் சாமித்தம்பி குறிப்பெழுதினார். நேரடி அனுபவம் இல்லாதோர் விமர்சிக்கலாகாது என்ற வரலாற்றுத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"அப்ப நீங்க எடுத்த படம் எது அண்ணன்?"

"நான் எங்க விமர்சிக்கிறன்? பாராட்டுறன். அதுக்கு அனுபவம் தேவையில்ல. நல்ல மனசு இருந்தாக் காணும்."

சபை கைதட்டியது. புஸ்பம் விடவில்லை.

"அவ்வளவு நல்ல படமெண்டா எங்கட தோணிய விடுங்க. வட்டைக்குள்ள கிடக்கிற உங்கட வயல வித்து ரெண்டாம் பாகத்த எடுங்க."

சபை என்னைப் பார்த்தது. தலைவருக்குரிய நிதானத்தோடு எழுந்தேன்.

"நான் மாட்டனெண்டு சொல்லல்ல புள்ள. ஆனா முதல் போடுறத்துக்கு நேரடி அனுபவம் வேணுமே."

இதுவும் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த கிழமை தோணி விலைப்பட்டது. இரண்டாம் பாகத்துக்கான பாராட்டை, படப்பிடிப்புத் தொடங்கு முன்பே எழுதி ஒட்டிவிட்டேன்.